மெட்டல் டிடெக்டரில் மாட்டிய புரதங்கள்

ஒரு பாக்டீரியாவைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் அது எங்கள் வீட்டு ஒற்றைக் கட்டில் அளவுக்கு வரும். என் மனைவி இதைச் சொன்னபோது நான் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டு முடித்து, ஒரு மனிதன் எந்த அறிவியலுக்கும் பயன்படாத நிலையில் இருக்கிற நேரம்.

"அதே கணக்குல பார்த்தா அதோட டி.என்.ஏ. ஒரு ஷூ லேஸ் தடிமன்தான் இருக்கும். ஆனா நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல. நம்ம வீட்ல பிடிச்சா கலெக்டர் ஆபீஸ் கிட்ட போயிடும்."

"அவ்ளோத்தையும் யார் மடிச்சு உள்ள வைக்கிறாங்க?" என்றேன்.

மனைவி பேசும்போது நடுவில் ஒரு கேள்வி போட்டுவைத்தால் விழித்திருப்பதற்கு அத்தாட்சியாகும் என்பது கல்யாண வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம். அன்றைக்கு அது பலிக்கவில்லை.

"ஒன்பது வருஷமா அதைத்தாங்க நான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்."

உண்மைதான். டி.என்.ஏ.வைப் புரதங்கள் எப்படிப் பிடிக்கின்றன, எப்படி வளைக்கின்றன, எப்படி மடிக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். தற்காலிகப் பணி. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளை மறுபடியும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியானது. முதல்வர் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்: ஜூனுக்குள் பிஎச்.டி. வைவா முடித்து டாக்டராக வந்தால் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் ஏற்கெனவே டாக்டராக இருக்கிற ஒருவர் திருப்பத்தூரிலிருந்து வரத் தயாராக இருக்கிறார்.

வைவாவுக்குப் பன்னிரண்டு நாள்கூட முழுதாக இல்லை. தேர்வு நடத்த வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டெர்னல் பெரியவரைப் பற்றி வந்த தகவல்களும் ஆறுதலாக இல்லை. ஒரு கேள்வி கேட்பாராம். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். திறக்கும்போது பதில் வந்திருக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு பேரை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆறு மாதம் என்றால் ஜூன் போய் டிசம்பர் வந்துவிடும். திருப்பத்தூர்க்காரர் அதற்குள் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸ் வைக்க இடம் பிடித்திருப்பார்.

அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கையில் ஒரு சாமான் இருந்தால்தான் பேச்சு வரும், அதுதான் பிரச்சினை. சப்பாத்தி மாவை இழுத்துக்கொண்டே ஒரு செல் இரண்டாகப் பிரிவதை அவள் சொல்லிக் கேட்டால் சப்பாத்தி சாப்பிட மனசு வராது. அதே ஆளை ஸ்லைடுகளுக்கு முன்னால் வெறும் கையோடு நிறுத்தினால், திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பாள். ஒத்திகையில் பக்க எண்ணையும் சேர்த்து வாசித்தாள். கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று வாசித்துவிட்டு, யாரும் எதுவும் கேட்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"அதனால மாடல் பண்ணப்போறேன். நிஜ அளவுக் கணக்குல. லேஸ் நீங்க கொண்டுவரணும்," என்றாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் படத்தில் வரைந்த ஷூவை நிஜத்தில் செய்து அனுப்பி, "இதுவல்ல நாங்கள் கேட்டது" என்ற பதிலை வாங்கி ஃபைலில் போடுவது என் வேலை. எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பாய் என் தோஸ்த். அவரிடம் போய் லேஸ் வேண்டும் என்றேன்.

"எத்தனை ஜோடிக்கு சார்?"

"ஜோடிக்கு இல்ல பாய். ஒரு கிருமிக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"ஒரே கிருமிக்கா?"

"ஒண்ணுதான். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல வேணும். வெட்டாத லேஸ்."

"அவ்ளோ கால் இருக்குதா அதுக்கு?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அதிகம் இல்லை. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் அனுபவத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறார்கள் என்றார். பிறகு ரிஜெக்ட் ஆன மெழுகு லேஸ் சுற்றிய அட்டைக் கோன்களைக் காட்டினார். வந்த பிரவுன் வேறு, கேட்ட பிரவுன் வேறு என்று தள்ளப்பட்டவை. எனக்கு இரண்டும் ஒரே பிரவுனாகத்தான் தெரிந்தது. அதனால்தான் என்னைக் கலர் செக்கிங்கில் போடவில்லை.

மெழுகு லேஸைப் பார்த்ததும் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விரல் நீளத்துக்குப் பிடித்தால் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். முழ நீளத்துக்குப் பிடித்தால் தொங்கும். டி.என்.ஏ.வும் அதே குணமாம். கிட்டத்தில் பார்த்தால் முறைப்பு, எட்டத்தில் பார்த்தால் தொளதொளப்பு. "எங்க ஹெட் ஆபீஸ் மாதிரி," என்றேன். அவள் சிரிக்கவில்லை; அவள் ஏற்கெனவே ஆராய்ச்சிக்குள் போய்விட்டாள்.

கோன்கள் பாதி பாதி தீர்ந்தவை. எந்தக் கோனில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. எனவே முடிச்சுப் போட்டு இணைத்துத் தரையில் விட்டு அளப்பதைத் தவிர வழியில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் அந்தப் பணி தொடங்கியது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவள் டேப் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வேலூரில் நாங்கள் இருக்கிற சத்துவாச்சாரியில் யாராவது தரையில் ஒரு கோடு போட்டால் அது சும்மா கோடு அல்ல. ஒன்று ரோடு அகலமாகப் போகிறது. அல்லது பாதாளச் சாக்கடை வரப்போகிறது. அல்லது உங்கள் காம்பவுண்டு சுவர் அரை அடி உள்ளே போகப்போகிறது. நாங்கள் மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் மூலை வீட்டுக்காரர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா சார், இது எந்தத் திட்டம்?"

"திட்டம் எதுவும் இல்லீங்க. டி.என்.ஏ."

"சரி. மத்திய அரசா, மாநில அரசா?"

"பாக்டீரியாவோடதுங்க," என்றாள் மனைவி, டேப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் லுங்கியை இன்னொரு முறை இறுக்கினார். "எதுவா இருந்தாலும் என் படிக்கட்டைத் தாண்டி போகட்டும். படி என் பட்டாவுல இருக்குது. ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன்."

ஜெராக்ஸோடு வந்தார். அதற்குள் எதிர்வீட்டு அம்மா, இணைப்பு இலவசம் என்றால் எங்கள் வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள் என்று பெயர் கொடுத்துவிட்டார். மூலை வீட்டுக்காரரின் படிக்கட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனோம். அந்த இடத்தில் லேஸ் வளைய மறுத்துத் துள்ளித் துள்ளி நிமிர்ந்தது. மனைவி அதை ஆசையாகப் பார்த்தாள்.

"இதாங்க விஷயமே. டி.என்.ஏ.வும் இப்படித்தான், தானா வளையாது. உடம்பு பூரா ஒரே மின்னூட்டம். தன்னைத் தானே தள்ளிவிட்டுக்கும். எடத்துக்குப் பஞ்சம் இல்ல, மொத்த லேஸையும் அமுக்கினா ஒரு பக்கெட்ல அடங்கிடும். ஆனா சும்மா விட்டா நம்ம ஹாலை ரொப்பிட்டு வராண்டாவுக்கு வந்துடும். புரதம் வந்து பிடிச்சு வளைச்சாதான் கட்டிலுக்குள்ள நிக்கும்."

"படிக்கட்டையே இடிக்கலாம்னு சொல்றாங்களா?" என்று மூலை வீட்டுக்காரர் என்னிடம் தனியாகக் கேட்டார்.

நீளம் சரியாக வந்தது. கடைசியில் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். இந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒரு வளையமாம். மறுநாள் சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கொடுத்திருந்தாள். போதகர் அதை வாசித்து, "ஆண்டவரே, எங்கள் சகோதரியின் நீளமான காரியத்தைச் சுருக்கித் தாரும்" என்று ஜெபித்தார். அறிவியல்படியும் அது சரியான ஜெபம்.

பாக்டீரியாவுக்கு உடம்பு வேண்டுமே. எங்கள் ஒற்றைக் கட்டில் கொசுவலையை எடுத்துக்கொண்டாள். அளவு கச்சிதம், வெளியிலிருந்து உள்ளே தெரியும், வேலூர்க் கொசுக்களிடம் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றது. அன்று முதல் நான் வலையில்லாமல் படுத்தேன். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் என் பெயரையும் சேர்க்கலாம்.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் நான் புரதமாக இருந்தேன். கொசுவலைக்குள் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவள் லேஸை உள்ளே தள்ளுவாள். நான் பிடித்து வளைக்க வேண்டும்.

புரதங்களில் ஒரு வகைக்கு இடம் முக்கியம் இல்லையாம். டி.என்.ஏ.வில் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், லேசாக வளைக்கும், எழுந்து போய்விடும். பத்திரிகை இல்லாமல் கல்யாண வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி. இன்னொரு வகை தனக்கென்று உள்ள இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே மட்டும்தான் உட்காரும். உட்கார்ந்தால் ஏலகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒரே மடக்கு. மூன்றாவது வகை, தூரத்தில் கிடக்கிற இரண்டு இழைகளைக் கொண்டுவந்து சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

"நான் எந்த வகை?" என்று கேட்டேன். இரண்டாவது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"மொதல் வகை," என்றாள். "ஆனா நீங்க பிடிச்சா விட மாட்டேங்குறீங்க. புரதம் அப்படிப் பண்ணாது. பிடிக்கும், விடும், திரும்பப் பிடிக்கும். விட்டாதான அந்த இடத்தைப் படிக்க முடியும்?"

"விட்டா லேஸ் வெளிய வந்துடுதே."

"அதான் நிறைய பேர் இருக்காங்க. நீங்க விடும்போது இன்னொருத்தர் பிடிப்பாங்க."

எங்கள் வீட்டில் இன்னொருவர் இல்லை. எனவே காகிதக் கட்டைக் கவ்விப் பிடிக்கிற கறுப்பு கிளிப்புகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தாள். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு புரதம். அங்கங்கே வளைத்துக் கவ்வ வைத்ததும், அந்த அடங்காப்பிடாரி லேஸ் வலைக்குள் வளையம் வளையமாக, பூ மாதிரி அழகாக நின்றது. நடுவில் ஓர் அடி நீளத்துக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருந்தாள். அது ஒரு மரபணு. வைவாவில் அந்த இடத்தில் இரண்டு கிளிப்பை எடுத்துவிட்டால் சிவப்புத் துண்டு வெளியே வரும். "இப்போது செல் இதைப் படிக்கிறது" என்பாள். எக்ஸ்டெர்னல் கண்ணை மூடுவதற்கு நேரமே இருக்காது என்பது திட்டம். கையில் லேஸோடு அவள் பேசிப் பார்த்ததைக் கேட்டேன். எனக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலையில் வெறும் காபியோடு முன்னால் போய்விட்டாள். ஹாலைத் தயார் பண்ண வேண்டும். மாடலை, கிளிப்புகள் கழன்றுவிடாமல் வலையோடு சுருட்டி ஒரு பெரிய ரெக்ஸின் பையில் வைத்துக் கம்பெனி பஸ்ஸில் நான் கொண்டுபோவது என்று ஏற்பாடு. கம்பெனியில் இறங்கி, அரைநாள் பர்மிஷனில் கையெழுத்து வாங்கி, ஆட்டோ பிடித்தால் கல்லூரி.

பையை மடியில் வைக்க முடியவில்லை. ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதனூரில் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஏறினார்கள். அவர்களுடைய சூப்பர்வைசரம்மா என் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார்.

"சார், பெரிய மனுஷனுக்கு ஜன்னல் சீட்டு குடுத்து நீங்க ஓரத்துல உக்காந்திருக்கீங்க?"

"உள்ள என் சம்சாரத்தோட பரீட்சை இருக்கும்மா. இது நல்லபடியா போய் சேந்தாதான் அவங்களுக்கு வேலை நிரந்தரமாகும்."

"நம்ம டீச்சருக்கா? என் தங்கச்சி பொண்ணு அவங்க கிட்டதான் படிக்குது." பையைத் தொட்டுப் பார்த்தார். "இப்டியா சார் சுருட்டி எடுத்துனு போவாங்க? துணி மூட்டையாட்டம்."

அந்தக் குரலில் இருந்த அக்கறையை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

கம்பெனியில் இறங்கியதும் பையை வெளியே டீக்கடையில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தேன். டீக்கடைக்காரர் ஏற்கவில்லை. உள்ளே கொண்டுபோனேன். பர்மிஷன் வாங்கி வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார்.

"சார், இது கம்பெனி லேஸ்."

"போன வாரம் ஸ்கிராப்ல கேட் பாஸ் போட்டு எடுத்துனு போனதுதான்."

"அது வெளிய போனதுக்கு. இப்ப உள்ள வந்துடுச்சே. உள்ள வந்தது வெளிய போவணும்னா பேக்கிங் முடிச்சு, செக்கிங் முடிச்சு, பாஸ் போட்டுத்தான் போவணும்."

வாதாடினேன். அவர் தரப்பில் பிழையே இல்லை என்பது வாதாடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாய்க்குப் போன் செய்தேன். "பேஜார் ஆவாதீங்க சார். நீங்க மேல போய் பாஸ்ல கையெழுத்து வாங்குங்க. பையை நான் பேக்கிங்ல குடுத்து சட்டுனு முடிச்சுடறேன்," என்றார். நான் மாடிக்குப் போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு பிரவுனுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன்.

கீழே வந்தபோது சூப்பர்வைசரம்மாவும் இரண்டு பெண்களும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்கள். மேஜைமேல் ஒரு பூட்ஸ் டப்பா. பக்கத்தில் காற்றுப் போகாமல் ஒட்டிய ஒரு பாலிதீன் கவர். அதற்குள் என் மனைவியின் புரதங்கள் அத்தனையும்.

"கிளிப்பை ஏம்மா எடுத்தீங்க?"

"மெட்டல் டிடெக்டர்ல கத்துது சார். இரும்புத் துண்டு ஒண்ணு இருந்தாலும் கார்ட்டன் பாஸ் ஆவாது, உங்களுக்குத் தெரியாததா? எடுத்துட்டுத் திரும்ப வுட்டோம். கத்தல. க்ளீன்."

எங்கள் ஊரில் ஒரு கட்டடத்தை விட்டு வெளியே போகிற எதுவும், பார்சல் சாப்பாடு உட்பட, ஒரு வெள்ளைக்காரன் திறந்து பார்க்கப்போகிறான் என்ற எண்ணத்தோடுதான் கட்டப்படும். மூன்று பேர் சேர்ந்து அந்த முழு லேஸையும் எட்டுப் போட்டுச் சுற்றி, ஒரே அளவுக் கட்டுகளாகப் போட்டு, ஒவ்வொரு கட்டின் நடுவிலும் நூலால் இறுக்கி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, வரிசையாக அடுக்கி, ஈரம் தாக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போட்டிருந்தார்கள். கொசுவலையை மடித்து அடியில் மெத்தையாக வைத்திருந்தார்கள். எத்தனையோ நாள் உயிரைக் கொடுத்து நான் வளைக்கப் பார்த்த ஒன்றை அவர்கள் நான் ஒரு கையெழுத்து வாங்குகிற நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

"ஒரு எடத்துலயும் வெட்டல சார். முடிச்சுதான் ரொம்ப இருந்துது. டிஃபெக்ட்டுனு எல்லாத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டிருக்கோம். டீச்சர் கிட்ட சொல்லுங்க, நாங்க ஜெபம் பண்றோம்னு."

நன்றி சொல்லி, டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

நான் போனபோது வைவா ஆரம்பித்திருந்தது. ஹால் நிறைய மாணவிகள், பேராசிரியர்கள், முன்வரிசையில் முதல்வர். அவளுடைய கைடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்டெர்னல் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், எதற்கும் அவசரப்படாத ஆளாக இருந்தார். மேடையில் என் மனைவி வெறும் கையோடு நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். "பக்கம் ஏழு," என்று வாசித்தாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டப்பாவைப் பார்த்ததும் கூம்பியது.

"சிவப்பு மரபணு வச்ச மாடல் வருதுன்னீங்களே, அதைப் பார்க்கலாமாம்மா?" என்றார் எக்ஸ்டெர்னல்.

மேடை ஏறி டப்பாவை அவளிடம் கொடுத்தேன். திறந்தாள். சிலிக்கா ஜெல் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். டிஷ்யூவைப் பிரித்தாள். கட்டுக்கட்டாக, வரிசையாக, உயிரற்ற ஒழுங்கில் லேஸ்.

"கிளிப்பு?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"மெட்டல் டிடெக்டர்," என்றேன், அதே மாதிரி. பாலிதீன் கவரை நீட்டினேன்.

"அந்தச் சிவப்பு மரபணு எங்கேம்மா இருக்கு?" எக்ஸ்டெர்னல் எட்டிப் பார்த்தார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கைடு இன்னொரு கை நகத்துக்கு மாறினார். திருப்பத்தூர்க்காரர் தன் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டதுபோல இருந்தது. என் மனைவி ஒரு கட்டைக் கையில் எடுத்தாள். அமுக்கிப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். கையில் சாமான் வந்துவிட்டது.

"உள்ளதான் இருக்கு சார். ஆனா இப்ப யாராலயும் படிக்க முடியாது," என்றாள். "ஏன்னா இது பட்டினி கிடக்கிற பாக்டீரியா."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"சாப்பாடு கிடைக்கிற வரைக்கும் புரதம் பிடிக்கும், விடும். டி.என்.ஏ. தளர்வா இருக்கும். ஸ்லைடுல காட்டினேனே, அது அப்போ. சாப்பாடே இல்லாம ரொம்ப நாள் போச்சுன்னா இந்த பாக்டீரியா வேற ஒரு புரதத்தை ஏராளமா செய்யும். அது டி.என்.ஏ.வோட சேர்ந்து செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா நெருக்கமா அடுக்கிடும், கிட்டத்தட்ட படிகம் மாதிரி. டி.என்.ஏ.வுக்குச் சேதம் வராம காப்பாத்தும். நல்ல காலம் வர்ற வரைக்கும் மூடி வைக்கிற ஏற்பாடு சார்." டப்பாவைத் தட்டிக் காட்டினாள். "எங்க ஊர்ல இதுக்கு எக்ஸ்போர்ட் பேக்கிங்னு சொல்லுவோம்."

மாணவிகள் சிரித்தார்கள். எக்ஸ்டெர்னல் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டாவது கண்ணையும் திறந்தார்.

"இந்தச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்லாம் என்ன?"

அவள் ஒன்றைப் பார்த்தாள். அடியில் முடிச்சு. "பழுது சார். டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது வர்ற தப்பைத் தேடிப் பிடிக்கிற புரதமும் இருக்கு. இந்தக் குழு அதையும் செஞ்சிருக்காங்க." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமா நன்றியா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

"சரிம்மா," என்றார் அவர். "சாப்பாடு வந்துடுச்சு. எழுப்புங்க."

"என்னங்க, வாங்க," என்றாள் என்னிடம், மைக்கில்.

கொசுவலையை ஜன்னல் கம்பியிலும், மைக் ஸ்டாண்டிலும், கைடின் கையிலும் கட்டினோம். நான் உள்ளே போய்ச் சம்மணம் போட்டேன். அவள் கட்டுகளின் நூலை ஒவ்வொன்றாக வெட்டினாள். இத்தனை நேரம் அடக்கிவைத்த லேஸ் என்னமாய்த் துள்ளியது. வலையைத் தாண்டி மேஜைக்கு வந்தது. மேஜையைத் தாண்டி முன்வரிசைக்குப் போனது. "புரதம் பத்தல," என்று அவள் சொல்லிக்கொண்டே கிளிப்பு கவரைக் கிழித்து மாணவிகளிடம் கொடுத்தாள். அவர்கள் மேடைக்கு ஓடிவந்தார்கள். முதல்வர், மரியாதை நிமித்தமாக, தன் முழங்காலில் விழுந்த வளையத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க ரெண்டு இழையைச் சேர்த்துப் பிடிக்கிற வகை," என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். தற்காலிக ஊழியர் ஒருவர் முதல்வருக்கு இட்ட முதல் கட்டளை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் பேசினாள். ஒவ்வொரு வளைவையும் கையால் போட்டுக்காட்டி, எந்தப் புரதம் எவ்வளவு மடக்கும், எவ்வளவு பலமாகப் பிடிக்கும், அதைத் தான் எப்படி அளந்தாள் என்று, ஒன்பது வருடத்தையும் பேசினாள். ஒரு பக்க எண்ணும் வரவில்லை. நடுவில் எங்கிருந்தோ சிவப்புத் துண்டு வெளியே வந்தது. ஒரு மாணவி அதைத் தூக்கிக் காட்ட, ஹாலே திரும்பிப் பார்த்தது.

எக்ஸ்டெர்னல் எழுந்து வலைக்குப் பக்கத்தில் வந்தார். கணுக்காலில் ஒரு வளையம் மாட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி," என்றார். "அத்தனை இறுக்கமா அடுக்கி வச்ச டி.என்.ஏ.வில, சாப்பாடு வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும், முதல்ல கழலுற புரதம் எது? அதை யார் கழலச் சொல்றாங்க?"

கண்ணை மூடிக்கொண்டார்.

லேஸ் பிடித்திருந்த எல்லோரும் அசையாமல் நின்றோம். என் மனைவி கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். பதில் அதில் இல்லை.

"தெரியாது சார்," என்றாள். "நான் பிடிக்கிறதைத்தான் அளந்தேன். அந்தப் பட்டினிப் புரதத்தை நான் தொடவே இல்ல. இன்னிக்கு இந்த டப்பாவைத் திறக்கிற வரைக்கும் அதைக் கேள்வியா நினைச்சதும் இல்ல."

கைடு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வலையின் ஒரு மூலை என் தலையில் விழுந்தது. எக்ஸ்டெர்னல் கண்ணைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் டிசம்பர் வரை போய்த் திரும்பி வந்தேன்.

"எனக்கும் முழுசா தெரியாது," என்றார் அவர். "போன ரெண்டு பேரும் தெரியும்னு சொன்னாங்க. வேற கேள்வி, ஆனா அதுக்கும் பதில் யாருக்கும் தெரியாது." கைடு பக்கம் திரும்பினார். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். அறிக்கையைக் கொண்டுவாங்க." ஓர் அடி எடுத்துவைத்தார், வளையம் இழுத்தது. குனிந்து பார்த்து, "இது எந்த வகை?" என்றார்.

"இடம் பார்க்காத வகை சார்," என்றாள் என் மனைவி.

கை தட்ட யாரிடமும் கை காலியாக இல்லை. முதல்வர் தன் இரண்டு இழையோடு அருகில் வந்து, "ஜூன் முதல் நாள் வந்துடுங்க டாக்டரம்மா," என்றார். பிறகு, இழைகளைப் பார்த்து, "இதை நான் கீழ வைக்கலாமா?" என்றும் கேட்டார்.

அறிக்கையில் கையெழுத்துகள் முடிந்து, மாணவிகள் வலைக்குள்ளிருந்து என்னை விடுவித்தபோது அவளைக் காணவில்லை. வராண்டாவில், விருந்தினருக்கான மேஜைக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தோள் அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கணவன் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போனேன்.

பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறைய.

"அது எக்ஸ்டெர்னலுக்கு வச்சதும்மா," என்றேன்.

"தெரியும்," என்று சொல்லி, தட்டில் மிச்சமிருந்த கிரீம் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டாள்.